வயிறு நிறைந்தால் நிற்கும் வண்டி

அத்தியாயம் 6

தொட்ட மாத்திரத்தில் வண்டி ஓடிவிடுகிறது என்பதுதான் அந்த மெக்கானிக்கின் மீது இருந்த குற்றச்சாட்டு.

"தொட்டதும் கெட்டுப்போச்சுன்னு புகார் குடுப்பாங்க, பார்த்திருக்கேன். தொட்டதும் சரியாயிடுச்சுன்னு புகார் குடுக்கிறத இப்பத்தான்யா பார்க்கிறேன்" என்றான் ஒட்டடை.

மெக்கானிக் சிரிக்கவில்லை. கையிலிருந்த கிரீஸை ஒரு பழைய துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க இனி ஒன்றும் இல்லை என்று ஆன பிறகும் துடைத்தார்.

ஒட்டடைக்கு முப்பத்திரண்டு வயது. ஆறடி இரண்டங்குலம் உயரம். எடை என்று சொல்லிக்கொள்ள ஏதும் கிடையாது. பெயர்க் காரணம் அவ்வளவுதான். பத்து வருடம் டாக்சி ஓட்டியவன், இப்போது அத்தையின் உதவியாள். அத்தை அவன் அப்பாவுக்குத் தங்கை. ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள். ஒரு குடையை விரித்து மடக்கினால் அதைத் தொலைத்தவர் எந்தக் கையால் சாப்பிடுவார் என்று சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்ற மறுவாரமே கை நமைச்சல் தாங்காமல் துப்பறியக் கிளம்பிவிட்டாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள் அத்தை, பழைய டயர் ஒன்றின் மேல் கைப்பையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு.

"கேப்டன் சாரோட பச்சை வண்டிக்குப் பதினெட்டு வருஷமா நான்தாம்மா வேலை பார்க்கிறேன். என் வயசுதான் அதுக்கும். போன மாசத்துலேர்ந்து திடீர் திடீர்னு நிக்குது. நல்லா போயிட்டே இருக்கும். ரெண்டு தடவ திக்கும். மூச்சு முட்டினவன் மாதிரி இழுக்கும். நின்னுடும். எனக்கு போன் வரும். போவேன், பார்ப்பேன், செல்ஃப் அடிப்பேன். ஓடிடும். அஞ்சு தடவையும் இதே கதை."

"அஞ்சாவது தடவ எங்க நின்னுச்சு?"

துணி நின்றது. "ரயில்வே கேட்ல. தண்டவாளத்து மேல. சாரோட பொண்ணு ஓட்டிட்டு வந்துச்சு. கேட்காரர் ஓடிவந்து தள்ளிவிட்டாராம். நாலே நிமிஷம். ரயில் போயிடுச்சு."

பட்டறையின் தகரக் கூரை வெயிலில் ஒரு முறை நெளிந்து சத்தம் போட்டது. மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இந்தக் கதையின் மறுபாதியைக் கேப்டன் நேற்றே சொல்லியிருந்தார். வண்டியைத் திட்டமிட்டு நிற்கவைப்பது மெக்கானிக்தான். அவனைத் தவிர வேறு யாராலும் அதை ஓடவைக்க முடியவில்லை என்பதே சாட்சி. டேங்க்கிலிருந்து பெட்ரோலும் திருட்டுப் போகிறது. புகார் எழுதித் தயாராக இருக்கிறது. இன்று மாலை ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டரிடம் கொடுக்கப்போகிறார். அதற்குள் கூடவே இணைக்க ஒரு தடயம் வேண்டும். அத்தையை அமர்த்தியது அதற்குத்தான்.

"போலீஸ் ஒருக்கா இந்தப் பட்டறைக்குள்ள கால வச்சிட்டா, அப்புறம் எவம்மா தன் வண்டி பிரேக்க என் கையில நம்பிக் குடுப்பான்?" என்றார் மெக்கானிக். "உள்ள போட்டாக்கூடப் பரவாயில்ல. வெளிய வந்து நான் என்ன பண்றது?"

சந்தேகப்பட வேண்டிய ஆளுக்கு ஆறுதல் சொல்வது அத்தையின் வழக்கம் இல்லை.

"வண்டி நின்னிருக்கு. நீங்க போய் இறங்கறீங்க. முதல்ல எங்க கை வைப்பீங்க?"

"பின்னால. எல்லாரும் பானெட்டத் தூக்குவாங்க. நான் டேங்க்ல ஆரம்பிச்சு முன்னால போவேன். பெட்ரோல் எந்த வழியா போகுதோ அதே வழியா." சொல்லும்போதே அவர் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. "இந்த வண்டிக்கு டேங்க் மூடி நம்பர் பிளேட்டுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும். பிளேட்டத் தூக்கணும். பித்தளை மூடி. அதுல ஊசி நுழையற மாதிரி ஒரு துளை. உள்ள பெட்ரோல் குறையக் குறைய வெளிக்காத்து நுழையணும்ல? துளை அடைச்சிட்டா உள்ள வெறுமையாகி, பம்பு எவ்வளவு உறிஞ்சினாலும் ஒண்ணும் வராது."

ஒட்டடை துள்ளினான். "அதான்! கேஸ் முடிஞ்சுது. வாங்க அத்தை, சாப்பிடப் போலாம்."

"உக்காருங்க தம்பி. அஞ்சு தடவையும் அந்தத் துளைய வாய் வச்சு ஊதினேன். விசில் மாதிரி போகுது. டேங்க்லேர்ந்து வர்ற குழாயும் சுத்தம். பம்புக்குப் புது ஜவ்வு போட்டது நானு. வடிகட்டிக் கிண்ணத்துல பெட்ரோல் தளும்புது. கார்புரேட்டரக் கழட்டிக் கழுவி மாட்டியாச்சு."

"சூட்டுல பெட்ரோல் ஆவியாகிக் குழாய்ல அடைச்சிருக்கும். எங்க டாக்சி ஸ்டாண்டுல அதுக்கு ஈரத் துணி வைத்தியம் பண்ணுவோம்."

"ரெண்டு தடவ நின்னது காலைல ஆறரைக்கு. கண்ணாடியில பனி."

ஒட்டடை உட்கார்ந்துவிட்டான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அதோடு தீர்ந்தது.

"அப்ப, நீங்க எதையுமே சரி பண்ணல" என்றாள் அத்தை மெதுவாக. "ஆனா ஓடுது."

"நான் போய்ச் சேர்றப்பவே அது நல்ல பிள்ளையா நிக்குதும்மா. ஜுரம்னு சொல்லி டாக்டரக் கூப்பிட்டா, அவர் வந்து தொட்டுப் பார்க்கிறப்ப உடம்பு குளுந்திருக்குமே, அந்த மாதிரி."

அத்தை எழுந்தாள். "இன்னிக்கு நாலு மணிக்கு மேல ஸ்கூட்டர ரெடியா வச்சுக்கோங்க. நான் போன் பண்ணுவேன். கூப்பிட்ட இடத்துக்கு வாங்க."

வெளியே வந்ததும் ஒட்டடை கிசுகிசுத்தான். "ஆள் எப்படி அத்தை?"

"ரொம்பத் தெளிவா பேசறான். பொய் சொல்றவனும் அப்படித்தான் பேசுவான்."

---

கேப்டனின் வீடு தெருவைவிடத் தாழ்வாக இருந்தது. வாசல் கதவிலிருந்து கொட்டகை வரை சிமென்ட் பாதை சரிந்து இறங்கியது. அந்தச் சரிவின் நடுவே, மூக்கைக் கீழே வைத்து, பச்சை வண்டி நின்றது. உருண்டையான முதுகு, இரண்டு பெரிய முகவிளக்குகள். யாரையும் நம்பாத ஒரு தவளையைப் போல அது விழித்துக்கொண்டிருந்ததாக ஒட்டடைக்குப் பட்டது. தண்ணீர் பாட்டிலை அதன் கூரையில் வைத்துவிட்டு சட்டையைச் சரிசெய்துகொண்டான். பாட்டில் உருண்டு, கண்ணாடி வழியாக இறங்கி, பானெட்டைத் தாண்டி, பாதையில் ஓடிப்போய்க் கொட்டகைக் கதவில் இடித்தது.

"சபாஷ்" என்றாள் அத்தை. "இப்பதான் முதல் தடவையா ஒரு உருப்படியான காரியம் பண்ணியிருக்க."

அவள் எதைச் சொன்னாள் என்று அவனுக்குப் புரியவில்லை. பாட்டிலை எடுக்கப் போனவன் கொட்டகைக் கதவருகே உறைந்து நின்றான். உள்ளிருந்து ஒரு மனிதர் வந்துகொண்டிருந்தார். கையில் இரண்டு மீட்டர் நீளத்தில் ரப்பர் குழாய்.

பெட்ரோல் திருடுகிறவனின் கையில் எது இருக்குமோ அதேதான்.

"யாரு நீங்க?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"இந்த வீட்டு மச்சான்" என்றார் அவர். "கேப்டன் அத்தானுக்கு மச்சான். எங்க அக்கா போனதுக்கு அப்புறம் வீடு வெறிச்சோடிக் கிடக்குன்னு, நாலு மாசம் முன்னால இங்கயே வந்துட்டேன். நீங்க?"

ஒட்டடை பதில் சொல்வதற்குப் பதிலாகக் குழாயை வாங்கி முனையை முகர்ந்தான். முகத்தைச் சுளித்தான்.

"மீனு" என்றான் அத்தையிடம்.

கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்கள். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் பதினேழு கண்ணாடித் தொட்டிகள். நீலமும் ஆரஞ்சுமாக மீன்கள் அரையிருட்டில் திரும்பிக்கொண்டிருந்தன. அந்தக் குழாயால்தான் மச்சான் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி எடுக்கிறார்.

"நீங்க வர்றதுக்கு முன்னால வண்டி இங்கதானே நின்னுச்சு?" என்று அத்தை கேட்டாள். "இந்தச் சமதளத்துல?"

"ஆமா. அத்தானுக்கு அதுல மனஸ்தாபம்தான். வாயத் திறந்து சொல்ல மாட்டாரு. என்னை ஒரு பார்வை பார்ப்பாரு பாருங்க, கோழி திருட வந்தவனப் பார்க்கிற மாதிரி."

ஒட்டடை அவரை இன்னும் சந்தேகமாகத்தான் பார்த்தான். மீன் வாசனை பெட்ரோல் வாசனையை மறைக்கத் தோதானது.

கேப்டன் முன்னறையில் காத்திருந்தார். எழுபதை நெருங்கியவர், இந்த வெயிலிலும் கோட்டு. மேசை மேல் புகார்க் கடிதம் ஒரு திசைகாட்டியின் கீழே கிடந்தது. பக்கத்தில் ஒரு தடித்த பதிவேடு.

"கப்பல் பழக்கம்" என்றார். "தினமும் காலைல ஆறு மணிக்கு டேங்க்ல குச்சி விட்டு அளந்து எழுதிடுவேன். பெட்ரோல் அளவு காட்டற கேஜ் வேலை செய்யல. படிச்சுப் பாருங்க. எல்லாம் அதுல இருக்கு."

அத்தை பதிவேட்டை ஒட்டடையிடம் தள்ளினாள். அவனுக்குக் கையெழுத்து படிப்பதில் ஒரு ருசி உண்டு.

"'பங்க்கில் நிரப்பியபோது பதினொரு அங்குலம். மறுநாள் காலை ஒன்பது. இரவில் இரண்டு அங்குலம் மாயம்.' அடுத்த வாரம்: 'பங்க்கில் பதினொன்று. காலை ஒன்பது.' அதுக்கு அடுத்த வாரமும்…" அவன் பக்கங்களைப் புரட்டினான். "அத்தை, இவ்வளவு ஒழுக்கமான திருடன நான் பார்த்ததே இல்ல. நெறப்பின அன்னிக்கு ராத்திரி மட்டும் வர்றான். ரெண்டு அங்குலம் மட்டும் எடுக்கிறான். மத்த நாள்ல ஒரு சொட்டு தொடறதில்ல."

"எப்பலேர்ந்து?"

"நாலு மாசமா."

கேப்டன் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மச்சான் சொன்ன அதே பார்வை. "நாலு மாசம் முன்னால யாரு வந்தாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அவன் எடுக்கிறான், மெக்கானிக் வாங்கி விக்கிறான். நான் கண்டுபிடிச்சுட்டேன்னு தெரிஞ்சதும் வண்டியில கை வச்சுட்டானுங்க. கூட்டு."

"போன மாசம் பத்தொன்பதாம் தேதி" என்றாள் அத்தை, ஒட்டடையின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. "'நடவடிக்கை எடுக்கப்பட்டது'ன்னு ஒரே வரி. என்ன நடவடிக்கை?"

"அது தனிப்பட்ட விஷயம்."

"இருபத்தொண்ணாம் தேதி முதல் தடவையா வண்டி நின்னிருக்கு."

"தற்செயல்." கேப்டன் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். ஒட்டடையின் மூக்கு, அவன் உடம்பிலேயே சதைப்பிடிப்பான பகுதி, தானாக நிமிர்ந்தது.

"சார் நல்ல சென்ட் போடறாரு" என்று அத்தையின் காதில் ஓதினான். "பங்க்ல லிட்டர் கணக்குல விப்பாங்களே, அது."

அத்தை விரலால் பதிவேட்டில் ஓர் இடத்தைத் தட்டினாள். வண்டி நின்ற ஐந்து நாட்கள். ஒவ்வொன்றிலும் அன்றைய அளவும் ஓடிய தூரமும் இருந்தன. டேங்க் நிறைந்திருந்த நாட்களில் ஒன்பது, பத்து கிலோமீட்டரில் நின்றிருந்தது. பாதி இருந்த நாட்களில் இருபதுக்கு மேல் ஓடியிருந்தது.

"பசிச்சா சுருண்டு விழறவனத் தெரியும்" என்றான் ஒட்டடை. "வயிறு நெறஞ்சா சுருண்டு விழறான் இவன்."

அந்த நேரத்தில் மகள் உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரவுப் பணி முடிந்து தூங்கி எழுந்த முகம். ரயில்வே கேட்டுக்குப் பிறகு அவள் வண்டியைத் தொடவில்லை.

"அன்னிக்கு தள்ளிவிட்டதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சும்மா?" என்று அத்தை அவளைத் தனியே வராந்தாவுக்கு அழைத்துப்போய்க் கேட்டாள். ஒட்டடை காதைத் தீட்டிக்கொண்டு கூடவே போனான்.

"அப்பாவுக்கு போன் பண்ணினேன். டாக்சியில ஓடிவந்தாரு. என்னைக் கட்டிப்பிடிச்சாரு. நேரா வண்டிக்குப் பின்னால போயிட்டாரு. குனிஞ்சு நின்னாரு. தோள் ரெண்டும் ஆடுச்சு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்க அம்மா செத்தப்பக்கூட அப்பா அழுது நான் பார்த்ததில்ல. நான் பார்க்கக் கூடாதுன்னுதான் பின்னால போனாருன்னு நானும் அந்தப் பக்கம் போகல. ரெண்டு மூணு நிமிஷத்துல மெக்கானிக் அண்ணன் வந்துட்டாரு. இத அப்பாகிட்ட கேட்டுடாதீங்க அத்தை. சங்கடப்படுவாரு."

அத்தை அவள் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். திரும்பியபோது அவள் முகத்தைப் பார்த்த ஒட்டடைக்குச் சங்கடமாக இருந்தது. தொலைந்த பெட்டிக்கு உரியவர் வந்துவிட்டார், ஆனால் பெட்டிக்குள் இருப்பது அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்த அலுவலரின் முகம் அது.

---

மூன்றே முக்காலுக்குக் கிளம்பினார்கள். ஒட்டடை ஓட்டினான். கேப்டன் முன்னால், புகார்க் கடிதத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார். வழியிலேயே போலீஸ் ஸ்டேஷனில் இறங்கிவிடலாம் என்று அவர் திட்டம். அத்தையும் மகளும் பின்னால். மகள் வரவேண்டியதில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்; கேட்கவில்லை.

"மெக்கானிக் வர்றானா?" என்று கேப்டன் முதலிலேயே கேட்டுவைத்தார்.

"இல்லையே" என்றாள் அத்தை.

அத்தை பொய் சொல்லும்போது கைப்பையின் கொக்கியைத் தடவுவாள். கண்ணாடியில் ஒட்டடை அதைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான்.

பங்க்கில் வயிறு முட்ட பெட்ரோல் போடச் சொன்னாள். கேப்டன் தானே இறங்கி, நம்பர் பிளேட்டைத் தூக்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்று போட்டுக்கொண்டார். அதற்குள் அத்தை போனில் யாரிடமோ இரண்டு வார்த்தை பேசி வைத்தாள். போட்டு முடித்ததும் கேப்டன் கோட்டுப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பங்க்கை ஒட்டித் தொடங்கும் அணைக்கட்டுச் சாலையில் திரும்பினார்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வரிசையாகத் தந்திக் கம்பங்கள். பச்சை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு போனது. இப்படி ஒரு சாலை முடிவே இல்லாமல் போனால் நன்றாயிருக்கும் என்று ஒட்டடைக்கு ஒரு கணம் தோன்றியது.

"ஒன்பதாவது கிலோமீட்டர் கல்லுல நிக்கும்" என்றாள் அத்தை பின்னாலிருந்து.

"ஜோசியமா அத்தை?"

"பதிவேடு."

எட்டாவது கல் போனது. வண்டியின் பாட்டு சுருதி தப்பியது. திக்கியது. இழுத்தது. யாரோ தலையணையை முகத்தில் அழுத்துவதுபோல் குரல் மங்கி, ஒன்பதாவது கல்லுக்கு இருபது அடி முன்னால் வண்டி நின்றது. மகள் இருக்கையின் முதுகை இறுகப் பற்றினாள். இங்கே தண்டவாளம் இல்லை. இருந்தும் அவள் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

ஒட்டடை பானெட்டைத் தூக்கினான். வடிகட்டிக் கிண்ணம் காய்ந்து கிடந்தது. பம்புக்கு வரும் குழாயைக் கழற்றினான். சொட்டு இல்லை.

"பங்க்ல வயிறு முட்டக் குடிச்சது. இங்க நாக்கு நனையல" என்றான். "டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவுல எதுவோ மூச்ச அடைச்சு வச்சிருக்கு."

"பார்த்தீங்களா!" கேப்டனின் குரல் உயர்ந்தது. "அவன் கைவரிசை. குழாய்ல என்னமோ வச்சிருக்கான். எழுதிக்கோங்க."

"குழாய மாட்டுடா. ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமா கேப்டன்? நீங்களே அடிங்களேன் செல்ஃப்" என்றாள் அத்தை.

"நானா? என்ஜின் ரூம் என் வேலை இல்ல மேடம். நாப்பது வருஷத்துல ஒரு தடவகூட நான் என்ஜின்ல கை வச்சதில்ல. அதுக்கு என்ஜினியர் வரணும். அதுதான் முறை."

"அதுதான் முறை" என்று அத்தை திருப்பிச் சொன்னாள். நல்ல மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டவள் மாதிரி.

அப்போது சாலையின் கோடியில் ஒரு ஸ்கூட்டர் தெரிந்தது. ஓட்டி வந்தவரின் தோளில் கிரீஸ் துணி பறந்தது.

கேப்டன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அடுத்த நொடி, அந்த வயதில் யாரும் எதிர்பார்க்காத வேகத்தில், திரும்பினார். பானெட்டின் பக்கம் வரவில்லை. வண்டிக்குப் பின்னால் ஓடினார்.

ஓடியவர் நின்றார். நம்பர் பிளேட்டின் மேல் சாய்ந்துகொண்டு அத்தை ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள்.

"வண்டி நின்னா எல்லாரும் முன்னால ஓடுவாங்க கேப்டன்" என்றாள். "தொலைஞ்ச பொருள் ஆபீஸ்ல நாங்க சாமான பார்க்க மாட்டோம். வர்றவரோட கண்ணு எந்த அலமாரிக்குப் போகுதுன்னு பார்ப்போம். கோட்டுப் பையில இருக்கிறதக் குடுங்க."

"என்ன பேசறீங்க? நான் உங்கள அமர்த்தினவன்!"

"அதனாலதான் மரியாதையா கேக்கறேன்."

ஸ்கூட்டர் வந்து நின்றது. மகள் இறங்கி வந்தாள். கேப்டன் அவளைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார், பையிலிருந்து கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் பித்தளை மூடி ஒன்று இருந்தது. நடுவில் ஊசி நுழையும் துளை.

"இது என் மூடியாச்சே" என்றார் மெக்கானிக். "அப்ப டேங்க்ல என்ன இருக்கு?"

அத்தை நம்பர் பிளேட்டைத் தூக்கினாள். அங்கே புத்தம் புதிதாக இன்னொரு மூடி மின்னியது. நடுவில் துளை இருந்தது. காற்றுப் போகும் துளை இல்லை அது, சாவித் துவாரம்.

"பூட்டு" என்றாள் அத்தை. "பத்தொன்பதாம் தேதி நடவடிக்கை. திறங்க கேப்டன்."

கேப்டன் பூட்டில் சாவியைப் போட்டார். சாவி திரும்பியது. மூடி நெகிழ்ந்ததும் டேங்க் ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்தது. ஸ்ஸ்ஸ்ஸ் என்ற அந்தச் சத்தம் முடிய ஒட்டடை ஐந்து வரை எண்ண வேண்டியிருந்தது. பிறகு வண்டியின் வயிற்றில் எங்கோ தகரம் ஒன்று 'டொப்'பென்று நிமிர்ந்தது.

"செல்ஃப் அடிடா."

ஒட்டடை ஓடிப்போய் அடித்தான். இரண்டு சுற்று சும்மா சுற்றியது. மூன்றாவதில் பாட்டு தொடங்கியது. மெக்கானிக் எதையும் தொடவில்லை. அதைக் காட்டுவதற்காகவோ என்னவோ, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"காத்து போக வழியில்லாத மூடி" என்றாள் அத்தை. "டேங்க் நெறஞ்சிருந்தா உள்ள காத்துக்கு இடம் கம்மி. கொஞ்சம் பெட்ரோல் போனாலே வெறுமை இழுத்துப் பிடிச்சுடும், சீக்கிரம் நிக்கும். பாதி இருந்தா கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். வண்டி நின்னதும் இவரு மெக்கானிக்குக்கு போன் பண்ணுவாரு. அவர் வர்றதுக்குள்ள பின்னால போய் பூட்டக் கழட்டிட்டுப் பழைய மூடியப் போடுவாரு. அந்த நிமிஷமே வண்டி குணமாயிடும். ஆனா அது இவருக்குத் தெரியாது. என்ஜினியர் வராம தொட மாட்டாரே!"

"எதுக்கு சார் மாத்தினீங்க?" மெக்கானிக்கின் குரலில் கோபம் இன்னும் வந்து சேரவில்லை. "பூட்டு போட்டிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்குமே."

கேப்டன் சாலையைப் பார்த்தபடி சொன்னார். "பதினெட்டு வருஷப் பழக்கம். பூட்டப் பார்த்தா, உன்னைச் சந்தேகப்படறேன்னு உனக்குத் தெரிஞ்சிடுமேன்னு…"

"தெரியக் கூடாதுன்னு புகார் எழுதினீங்களா?"

வண்டி மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

"ஆனா திருட்டு நிஜம்!" கேப்டன் கடைசிக் கயிற்றைப் பிடித்தார். "பூட்டு போட்ட பிறகும் ரெண்டு அங்குலம் போச்சு. கள்ளச் சாவி இல்லாம எப்படி?"

"ஒட்டடை, உன் தண்ணி பாட்டில் எங்கடா ஓடுச்சு?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "சரிவுல! மூக்குப் பக்கமா!"

"கேப்டன், கப்பல் முன்பக்கம் தாழ்ந்திருக்கிறப்ப, பின்பக்கத்துத் துவாரத்துல குச்சி விட்டு எண்ணெய் அளந்தா என்ன பண்ணுவீங்க?"

"எண்ணெய் முன்னால ஓடியிருக்கும், அளவு குறைச்சலாக் காட்டும். சரிவுக்குன்னு ஒரு அட்டவணை இருக்கு. அதைப் பார்த்துத் திருத்தி…" கேப்டன் நிறுத்திக்கொண்டார். உதடுகள் சத்தமில்லாமல் ஏதோ கணக்குப் போட்டன.

"பங்க் சமதளம், பதினொன்று. உங்க வீட்டுப் பாதை சரிவு, ஒன்பது. மச்சான் மீன் தொட்டியக் கொண்டுவந்து வண்டிய வெளிய தள்ளின நாள்லேர்ந்து" என்றாள் அத்தை. "உங்க பெட்ரோல யாரும் எடுக்கல. அது முன்பக்கமா சாய்ஞ்சு படுத்திருந்துச்சு. திருடனும் இல்ல, கொலைகாரனும் இல்ல. மன்னிச்சுக்கோங்க, இணைக்க வேற தடயம் கிடைக்கல."

மெக்கானிக் கேப்டனின் கையிலிருந்து பித்தளை மூடியை எடுத்தார். வாயில் வைத்து ஊதினார். விசில் மாதிரி காற்றுப் போனது. டேங்க்கில் பொருத்தி, நம்பர் பிளேட்டை இறக்கி, துணியால் ஒரு தடவை துடைத்தார். பிறகு கையை நீட்டினார். கேப்டன் முதலில் புரியாமல் பூட்டு மூடியை நீட்டினார். மெக்கானிக் தலையசைத்து மறுத்தார். கேப்டன் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அவர் அங்கேயே நின்று முழுவதையும் படித்தார். ஒவ்வொரு வரியாக, நிதானமாக. படித்து முடித்து மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அடுத்த சர்வீஸ் பதினாலாம் தேதி சார். பட்டறைக்குக் கொண்டாந்துடுங்க. வீட்டுக்கு நான் வரல."

ஸ்கூட்டர் திரும்பிப் போனது. கிரீஸ் துணி வெகுதூரம் வரை தெரிந்தது.

"ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் காத்திருப்பாரே" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்த ஒட்டடை, அத்தையின் முழங்கை விலாவில் பட்டதும் நிறுத்திக்கொண்டான்.

மகள் அப்பாவின் முன்னால் வந்து நின்றிருந்தாள். கத்தவில்லை. தண்டவாளத்தைப் பற்றியும் பேசவில்லை.

"அன்னிக்கு நீங்க வண்டிக்குப் பின்னால போய்க் குனிஞ்சு நின்னீங்க" என்றாள். "எனக்காக அழறீங்கன்னு நெனச்சேன்பா."

அவள் முன்கதவைத் திறந்து, ஒட்டடையை இறங்கச் சொல்லிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கைகளை ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டாள். அத்தை அவள் பக்கத்தில் ஏறினாள். ஒட்டடை பின்னால் மடங்கி உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தான்.

கேப்டன் இன்னும் வண்டிக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். குனிந்திருந்தார். தோள்கள் இரண்டும் ஆடின. இந்த முறை அவர் கையில் சாவி இல்லை.

ஒட்டடை முன்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"போலாமா?" என்றாள் மகள்.

"இரும்மா" என்றாள் அத்தை. "கொஞ்ச நேரம் ஓடட்டும். என்ஜின் இப்பதான் மூச்சு விட ஆரம்பிச்சிருக்கு."